கடைக்காரர் கேமராவில் ஓடிய லென்ஸ் என் கேமராவில் ஓடவில்லை

வேலூர் நகருக்குள் ஒரு கேமராக் கடையில், சென்ற மார்கழிக் கடைசியில், 9,500 ரூபாய் கொடுத்து தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் ஒரு 70-300 (மி.மீ.) ஜூம் லென்ஸ் வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதே லென்ஸை அதே விதத்தில் விற்க எந்த ஊரிலும் எந்தக் கடையாலும் முடியும் என்பதால், பெயரைவிட ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன். புதிதாக டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா) வாங்கி, அடுத்ததாகக் குறைந்த விலையில் ஒரு ஜூம் லென்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி3500. காட்பாடியில் உடன் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து 18-55 கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே விற்கும் லென்ஸ்) வாங்கியது. வீட்டுப் படங்களுக்கும் கோயில் படங்களுக்கும் அந்த லென்ஸ் போதுமானதாக இருந்தது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்றபோதுதான் அதன் எல்லை புரிந்தது, ஏனெனில் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த நாரைகள் படத்தில் அரிசி மணி அளவில் இருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் எங்கள் மாமா வீட்டில் எருது விடும் விழாவுக்கென்றே ஒரு காளை வளர்க்கிறார்கள். தை பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வாரந்தோறும் விழா நடக்கும். தடுப்புக் கட்டிய தெருவில் காளையை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். "இந்த வருஷம் நம்ம காளைய நீதான் படம் புடிக்கணும்" என்று மாமா சொல்லிவிட்டார். தடுப்புக்கு வெளியே நின்று எடுக்க வேண்டுமென்றால் 55 மி.மீ. போதாது. நண்பர் ஒருவர் "70-300 வாங்கு" என்றார். அந்த இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போனதுதான் என் முதல் தவறு.

இரண்டாவது தவறு, என் கேமராவை எடுத்துப் போகாதது. அன்று பிள்ளைகளுக்குத் துணி எடுக்க லாங்கு பஜாருக்கு வந்திருந்தோம். கேமரா வீட்டில் சார்ஜில் கிடந்தது. என்னுடையது டி3500 என்று மட்டும் கடைக்காரரிடம் சொன்னேன். "பரவாயில்ல சார், நம்ம கிட்டயே நிக்கான் பாடி இருக்கு, போட்டுப் பாருங்க" என்று சொன்ன கடைக்காரர், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு லென்ஸை எடுத்து, மேசைமேல் இருந்த டி7200 கேமராவில் மாட்டிக் கையில் கொடுத்தார். எதிர்ச்சாரியில் இருந்த பாத்திரக்கடைப் பலகையைப் பார்த்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினேன். கர்ர் என்று ஒரு சத்தம், லென்ஸின் முன்பகுதி சுழன்றது, பலகையில் இருந்த தொலைபேசி எண் பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, லென்ஸுக்குள் வலுவான மோட்டார் இருக்கிறது என்று மனதுக்குள் மகிழ்ந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கை நடுக்கத்தைக் குறைக்கும் வி.ஆர். இதில் இருக்கிறதா என்று கேட்டேன். லென்ஸின் பக்கவாட்டில் அதற்கான சுவிட்ச் எதுவும் இல்லையே என்றும் கேட்டேன். "புது மாடல்ல சுவிட்ச் வர்றதில்ல சார், மெனுவுல இருக்கும்" என்றார். இதில் விசேஷம் என்னவென்றால், அவர் சொன்னது வேறொரு லென்ஸைப் பொறுத்தவரை உண்மை. நிக்கானின் ஏ.எஃப்.-பி டி.எக்ஸ் 70-300 வி.ஆர். லென்ஸில் சுவிட்ச் கிடையாது. டி3500 போன்ற கேமராக்களின் மெனுவில்தான் அதை இயக்கவும் நிறுத்தவும் முடியும். ஒரு லென்ஸின் குணத்தை இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டார். பெட்டி எங்கே என்றதற்கு, இறக்குமதிச் சரக்கு, பெட்டி தனியாக வராது என்று பதில் வந்தது. பில் கேட்டபோது, பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு என்று எனக்காகக் கவலைப்பட்டு, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் "லென்ஸ் 1, 9,500" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பணத்தை நான் கைபேசி வழியாகச் செலுத்தினேன். நல்ல வேளையாக.

வீட்டுக்கு வந்து டி3500-இல் மாட்டி, எதிர்வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. தொட்டி கலங்கலாகவே நின்றது. வளையத்தைக் கையால் திருப்பினால் தெளிவு வந்தது, படமும் பதிவானது. தானாக மட்டும் ஃபோகஸ் ஆகவில்லை. கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "பெரிய லென்ஸெல்லாம் கையாலதான் சார் திருப்பணும், பழகப் பழக வந்துடும்" என்றார். பழகலாம் என்று நானும் நம்பினேன்.

விழா அன்று காலையிலேயே இடம் பிடித்து நின்றேன். புளியமர நிழல், இன்னும் விலகாத பனி, இரண்டு பக்கமும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும் கூட்டம். வி.ஆர். இருக்கிறதே என்ற துணிவில் ஷட்டர் வேகத்தை 1/125-இல் (நொடியில் 125-இல் ஒரு பங்கு) வைத்திருந்தேன். 300 மி.மீ. லென்ஸ் படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள இந்தக் கேமராவில் 450 மி.மீ. லென்ஸுக்கு ஈடான கோணத்தைக் காட்டும். கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/500 வேண்டும் என்பதும், கை நடுக்கத்தைத் தடுக்கும் வி.ஆர். ஓடும் காளையின் அசைவைத் தடுக்காது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அது என் அறியாமை, கடைக்காரர் மேல் போட மாட்டேன். ஆனால் தலையை ஆட்டியபடி நேராக நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் காளைக்கு ஏற்ப வளையத்தைக் கையால் திருப்பிக்கொண்டே வருவது, புதிதாகக் கேமரா பிடித்தவனால் ஆகிற காரியம் அல்ல. மாமாவின் காளை அவிழ்க்கப்பட்டது, கூட்டம் கத்தியது, நான் வளையத்தைத் திருப்பினேன், காளை போய்விட்டது. அன்று எடுத்த 84 படங்களில் தெளிவாக விழுந்தது ஒன்றே ஒன்று. காளை கடந்த பிறகு தெருவில் எழுந்த புழுதியும், அதற்குப் பின்னால் நின்ற தடுப்புக் கட்டையும். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நிக்கானின் பழைய ஏற்பாட்டில் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இல்லை, கேமராவின் உடலுக்குள் இருந்தது. கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்தின் விளிம்பில் திருப்புளி முனை போன்ற சிறு தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது லென்ஸின் பின்புறத்தில் உள்ள பிளவில் பொருந்திச் சுழற்றும். கடையில் நான் கேட்ட கர்ர் சத்தம் அந்தத் தண்டு சுழன்ற சத்தம். டி7000 வரிசையிலும் அதற்கு மேற்பட்ட டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் அந்த மோட்டார் உண்டு. புதியவர்களுக்கென்று எடையையும் விலையையும் குறைத்துச் செய்த டி3000, டி5000 வரிசைகளில் அது கிடையாது. ஆகவே இந்த வரிசைக் கேமரா வைத்திருப்பவர்கள், மோட்டார் உள்ளேயே அமைந்த லென்ஸைத்தான் வாங்க வேண்டும். நிக்கான் லென்ஸ் என்றால் பெயரில் ஏ.எஃப்.-எஸ் அல்லது ஏ.எஃப்.-பி என்று இருக்கும். எனக்கு வந்தது வெறும் ஏ.எஃப். 70-300 எஃப் 4-5.6 ஜி. ஃபிலிம் காலத்து வடிவமைப்பு. அதன் பெயரில் வி.ஆர். என்ற எழுத்துகளே இல்லை, இருந்தால்தானே உள்ளே இருக்கும். லென்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். உலோக விளிம்பில் அந்தச் சிறு பிளவு, திருப்புளிக்காகக் காத்திருக்கும் திருகின் தலையைப்போல, முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

பெயரில் உள்ள எண்களைவிட எழுத்துகளைப் படிக்க வேண்டும் என்பது டாம்ரான், சிக்மா போன்ற வேறு நிறுவனங்கள் நிக்கானுக்கெனச் செய்யும் லென்ஸ்களுக்கும் பொருந்தும். டாம்ரானின் மலிவான 70-300 லென்ஸ் நிக்கானுக்கு மோட்டார் இல்லாமலும் வந்தது, பிறகு மோட்டாரோடும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

இந்தத் தடவை கேமராவைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். என் கேமராவில் மாட்டி அழுத்திக் காட்டினேன். கடைக்காரர் பதறவில்லை. "லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல சார், உங்க பாடியிலதான் மோட்டார் இல்ல" என்றார். முந்தைய வாரம் கையால் பழகச் சொன்னவருக்கு மோட்டார் விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. அவர் சொன்னது பொய்யும் அல்ல; அதுதான் எரிச்சலை மூட்டியது. டி3500 என்று முதலிலேயே சொல்லித்தானே கேட்டேன் என்றதற்குப் பதில் இல்லை. அதற்குப் பதிலாக, அந்த டி7200-ஐ எனக்காகக் குறைத்து 32,000 ரூபாய்க்குத் தருவதாகவும், அதில் இந்த லென்ஸ் அருமையாக ஓடும் என்றும் சொன்னார். விற்ற பொருளைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இல்லை என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டையையும் காட்டினார்.

அந்த அட்டைக்குச் சட்டத்தில் அவ்வளவு மதிப்பு இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகு அறிந்தேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த நாட்களுக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் புகாரைப் பதிந்தேன். பிறகு கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: என் கேமராவின் மாடலைச் சொல்லிக் கேட்டும் பொருந்தாத லென்ஸ் தரப்பட்டது, இல்லாத வி.ஆர். இருப்பதாகச் சொல்லப்பட்டது, பில் மறுக்கப்பட்டது, 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் ஒரு வரி சேர்த்தேன். துண்டுச் சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை என்றாலும், கைபேசியில் பணம் போன கணக்கின் பெயர், தேதி, தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் இருந்தன. அவற்றின் நகலையும் இணைத்து விரைவுத் தபாலில் அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது.

ஒன்பதாம் நாள் கடைக்காரரே அழைத்தார். பேரம் பேசினார். பயன்படுத்திய கழிவு என்று 2,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 7,000 திருப்பிக் கொடுத்தார். விடாமல் போராடியிருக்கலாம் என்று வீட்டில் இன்றுவரை சொல்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடுப்பு எடுப்பதை நினைத்து நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேலும் 4,000 போட்டு, ராணிப்பேட்டையில் ஒருவரிடமிருந்து பழைய ஏ.எஃப்.-பி டி.எக்ஸ் 70-300 வி.ஆர். வாங்கினேன். இதே பெயரில் வி.ஆர். இல்லாத லென்ஸும் உண்டு என்பதால் எழுத்துகளை இரண்டு முறை படித்தேன். என் கேமராவிலேயே மாட்டி, 300-இல் வைத்துத் தூரத்துப் பலகையையும் பக்கத்துச் செடியையும் மாறிமாறி ஃபோகஸ் செய்தேன். வி.ஆர். உண்மையில் வேலை செய்தால், பொத்தானைப் பாதி அழுத்தியதும் ஆடிக்கொண்டிருந்த காட்சி, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் மிதப்பதுபோல் அமைதியாகும்; அதைக் கண்ணால் பார்த்தேன். கைபேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று நினைவிருக்கட்டும்: டி3100, டி3200, டி5100 போன்ற பழைய கேமராக்களில் இந்த ஏ.எஃப்.-பி லென்ஸ் வேலை செய்யாது, கையால்கூட ஃபோகஸ் செய்ய முடியாது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஏ.எஃப்.-எஸ் 55-200 வி.ஆர். அல்லது 55-300 வி.ஆர். பொருந்தும்.

கேனான் வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் தொல்லை இல்லை. அங்கே தலையில் கட்டப்படுவது 75-300. எண் பெரிதாக இருப்பதால் ஆசை வரும். ஆனால் அதில் கை நடுக்கத்தைக் குறைக்கும் ஐ.எஸ். இல்லை, 300-இல் படம் மங்கும். அதைவிட 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். எடையிலும் குறைவு, படத்திலும் தெளிவு. பழையதாகக் கிடைத்தாலும் அதையே வாங்கலாம்.

சென்ற வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். நான் திருப்பிக் கொடுத்த லென்ஸ் அதே கண்ணாடிப் பெட்டிக்குள், அதே டி7200 கேமராவின் பக்கத்தில் இருக்கிறது. விலைச் சீட்டில் 10,500. வாங்கிய அன்று அதன் பின்மூடியின் உட்புறத்தில், தொலைந்துவிடக் கூடாதென்று, நீல மார்க்கரில் 'காட்பாடி' என்று எழுதியிருந்தேன். வேலூரில் யாராவது உங்களிடம் ஒரு 70-300 லென்ஸை நீட்டினால், பின்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள்.