பால்சாக்கா, ஃப்ளோபேரா: யாரை முதலில் படிப்பது?

இருவரும் 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நாவலாசிரியர்கள்.

வேகம்: பால்சாக்குக்குக் கழுத்தளவு கடன். நள்ளிரவில் எழுந்து, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, கறுப்புக் காப்பியைக் குடித்துக் குடித்து எழுதினார். அச்சுப்படி வந்தாலும் விடமாட்டார். ஓரமெல்லாம் புது வரிகள், திருத்தச் செலவும் அவர் தலையில்!
ஃப்ளோபேருக்கு ‘மதாம் பொவாரி’ நாவல் ஒன்றுக்கே ஏறக்குறைய 5 வருடம். வாக்கியத்தை உரக்கப் படித்து, காது ஒப்பினால்தான் அடுத்தது. குடும்பச் சொத்து இருந்தது, சரி.

அளவு: முன்னவரின் ‘மனித நாடகம்’ வரிசையில் 90-க்கும் மேற்பட்ட படைப்புகள், பின்னவருடையது கைவிரலுக்குள் அடங்கும்.

எளிமை: பால்சாக்கின் ‘தந்தை கோரியோ’ நாவலில் பழைய விடுதியின் வர்ணனை கொஞ்சம் இழுக்கும். அதைத் தாண்டினால் ஓட்டம்தான்.

பணம், பேராசை, பாரிஸ் என்றால் பால்சாக். ஒரே புத்தகத்துக்குத்தான் நேரம் என்றால் ‘மதாம் பொவாரி’.