ஸ்ட்ராஸ்பர்க் ரயில்ரோடு: ஏழு கிலோமீட்டருக்காகப் போகலாமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், லங்காஸ்டர் மாவட்டம். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து லீமன் பிளேஸ் வரை நாலரை மைல், அதாவது சுமார் 7 கிலோமீட்டர் தடம். நீராவிச் சுற்றுலா ரயிலில் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பொம்மை ரயில் என்று நினைத்துப் போனால், பார்க்க வேண்டியதில் பாதியைத் தவறவிடுவீர்கள். இது இன்றும் சரக்கு ஏற்றுகிற, வேலை பார்க்கிற ரயில்வே. லீமன் பிளேஸில் பிரதான தடத்தோடு சேர்ந்து, நார்ஃபோக் சதர்ன் என்ற பெரிய சரக்கு ரயில்வேயிடமிருந்து வேகன்களை வாங்கிக் கொடுக்கிறது. சில நாட்களில் அந்த வேகன்களை நீராவி எஞ்சினே இழுத்து வருவதும் உண்டு.

வரலாறு சுருக்கமாக. மாநில அரசு பிலடெல்பியாவிலிருந்து கொலம்பியாவுக்குத் தடம் போட்டபோது ஸ்ட்ராஸ்பர்க் ஓரங்கட்டப்பட்டது. வியாபாரம் கைவிட்டுப் போகுமே என்ற பயத்தில், ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஓர் இணைப்புத் தடம் போட 1832 ஜூன் 9 அன்று மாநிலச் சட்டமன்றத்தில் சாசனம் வாங்கினார்கள். அந்தச் சாசனத்தின் பேரில்தான் கம்பெனி இன்றும் நடக்கிறது. டிராம் வந்ததும் பயணிகள் போனார்கள், லாரி வந்ததும் சரக்கு குறைந்தது. 1957-ல் தடத்தைக் கைவிட விண்ணப்பமே போட்டாயிற்று. லங்காஸ்டர் தொழிலதிபர் ஹென்றி லாங் ரயில் பிரியர்களைக் கூட்டு சேர்த்து 1958-ல் அதை வாங்கினார். 1959 ஜனவரியில் முதல் சுற்றுலா ரயில் ஓடியது, 1960-ல் நீராவி திரும்பியது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: இங்கே நிற்கும் பெரிய எஞ்சின்கள் எல்லாமே வெளியூர்ச் சரக்கு. 475 எண் எஞ்சின் 1906-ல் பால்ட்வின் கட்டியது, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயில் ஓடியது. 90 எண் கொலராடோவில் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் ஏற்றிய ரயில் இழுத்தது, 89 கனடாவிலிருந்து வந்தது. ஸ்டேஷன் கட்டடமே ஈஸ்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்ததுதான். மண்ணுக்கே உரியது சாசனமும் தடமும் மட்டும். எஞ்சினைத் தேர்ந்து ஏற விரும்புகிறவர்களுக்கு நம் ஓட்டு 475-க்கு. முன்னால் நாலு சிறு சக்கரம், பின்னால் எட்டு இயக்கு சக்கரம் என்ற இந்த அமைப்பில் வட அமெரிக்காவில் ஓடும் நிலையில் உள்ளது இது ஒன்றே.

லீமன் பிளேஸில் பலர் அலைபேசியை எடுத்துக்கொண்டு வயல்பக்கம் திரும்பிவிடுவார்கள். அங்கேதான் தவறு. எஞ்சின் பெட்டிகளைக் கழற்றிவிட்டு மறுமுனைக்கு வருவதைப் பாருங்கள். எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே பிரேக் காற்றுக்குழாயின் எஞ்சின் பக்க வால்வை (ஆங்கிள் காக்) மூடுவார்கள். கப்ளிங் விடுபட்டதும் எஞ்சின், தடம் மாற்றும் பாயிண்டைத் தாண்டி நிற்கும். பாயிண்ட் மாற்றியதும் பக்கத்து லூப் தடத்தில் பெட்டிகளை ஒட்டி நகர்ந்து வரும். மறுமுனையில் கோத்துக் குழாயை மாட்டிய பிறகு வால்வை மெதுவாகத் திறப்பார்கள். சட்டென்று திறந்தால் குழாயில் காற்றழுத்தம் திடீரென விழுந்து ரயில் முழுக்க அவசர பிரேக் பிடித்துக்கொள்ளும். கடைசியில் பிரேக் சோதனை. எஞ்சினைத் திருப்ப அங்கே வசதியில்லை. அதனால் ஒரு திசையில் டெண்டர் (எஞ்சினோடு சேர்ந்த நிலக்கரி, தண்ணீர் வண்டி) முன்னால் போகும்.

2022 நவம்பரில் இந்த வேலையின்போதுதான் 475, பாயிண்ட் வேறு தடத்துக்குத் திரும்பியிருந்ததால், அங்கே நிறுத்தியிருந்த எக்ஸ்கவேட்டரில் மோதி முகப்புக் கதவில் ஓட்டை வாங்கியது. யாருக்கும் காயமில்லை. சொந்தப் பட்டறை இருந்ததால் சீக்கிரமே சரிசெய்து ஓடவிட்டார்கள்.

அந்தப் பட்டறைதான் இந்த ரயில்வேயின் முதுகெலும்பு. மற்ற ரயில்வேகளின் பாய்லர் வேலையையும் எடுத்துச் செய்கிறார்கள். 1995-ல் அதே மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் வேறொரு ரயில்வேயின் எஞ்சினில் தண்ணீர் குறைந்து நெருப்பு எரியும் அறையின் மேல்தகடு பிய்ந்தது. மூவர் தீக்காயம் அடைந்தார்கள். அடுத்து வந்த கூட்டாட்சி விதிகளை உருவாக்க உழைத்தவர்களில் ஸ்ட்ராஸ்பர்க் ஆட்களும் உண்டு. அதன்படி 1,472 ஓட்ட நாட்களுக்கு ஒருமுறை, அல்லது 15 ஆண்டில், எது முந்துகிறதோ அப்போது பாய்லரை முழுக்கப் பிரித்துச் சோதிக்க வேண்டும். பட்டறையைச் சுற்றிக் காட்டும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது.

டிக்கெட் விஷயம். சாதாரணப் பெட்டி போதும். மரப்பெட்டி, ஜன்னல் திறக்கும், குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்பு எரியும். திறந்த பெட்டியில் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் கரித்துகள் கண்ணில் விழும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். உணவுப் பெட்டியில் முக்கால் மணிக்குள் சாப்பிட்டு எழ வேண்டும், தட்டைப் பார்ப்பதா வெளியே பார்ப்பதா என்றாகிவிடும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் வழியில் உள்ள தோப்பில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடிப்பது மேல். கடைசி ரயில் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கான சிறப்பு நிகழ்ச்சி நாட்களில் கூட்டம் நெரியும், எஞ்சினை நிம்மதியாகப் பார்க்க முடியாது. பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் விவசாயிகள் ஞாயிற்றுக்கிழமை வயலில் இறங்க மாட்டார்கள். கோவேறு கழுதை பூட்டி உழுவதைப் பார்க்க வார நாள்தான் சரி. அவர்கள் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது.

சாலைக்கு எதிரே இருக்கும் ரயில் அருங்காட்சியகம் மாநில அரசுடையது, இந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. அங்கே ஜிஜி1 மின் எஞ்சின் நிற்கிறது. அதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி, ரயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.