கண்புரை அறுவை: ஃபேகோவா, எஸ்.ஐ.சி.எஸ்ஸா?

அம்மாவுக்குக் கண்புரை, எந்த முறையில் செய்வது என்று குழம்புகிறவர்கள் நிறைய. ஃபேகோ என்றால் புரையை அல்ட்ராசவுண்டால் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுப்பது; எஸ்.ஐ.சி.எஸ். என்றால் உடைக்காமல் கையாலேயே வெளியே எடுப்பது. காசு கூடினால் பார்வையும் கூடும் என்பது பாதி உண்மைதான்.

வெட்டு: ஃபேகோவில் சுமார் 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. எஸ்.ஐ.சி.எஸ்ஸில் 6, 7 மி.மீ. இரண்டிலும் பெரும்பாலும் தையல் கிடையாது.

செலவு: ஃபேகோவுக்கு விலையுயர்ந்த அல்ட்ராசவுண்ட் இயந்திரம் வேண்டும், புரைக்குப் பதில் கண்ணுக்குள் வைக்கப் பெரும்பாலும் மடிக்கும் லென்ஸ். எஸ்.ஐ.சி.எஸ்ஸுக்கு அந்த இயந்திரமே தேவையில்லை, மடங்காத லென்ஸ் போதும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஏராளமான ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1992இல் அவர்கள் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே தயாரித்தது இன்னொன்று. அதற்கு முன் இறக்குமதி லென்ஸ் சாதாரண ஆளுக்கு எட்டாக்கனி.

ஆறுவது: ஃபேகோதான் வேகம். சிலிண்டர் பவரும் (கண்ணாடி போட்டுச் சரிசெய்ய வேண்டிய ஒருவகைப் பார்வை மங்கல்) குறைவாகவே வரும்.

முற்றிய புரை: இங்கே எஸ்.ஐ.சி.எஸ்ஸின் கை ஓங்கும். கெட்டியான புரையை ஃபேகோவில் உடைக்கும்போது கருவிழிப் படலம் பாதிக்கப்படலாம்.

சரி, எது யாருக்கு? சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு ஃபேகோ. புரை முற்றி, கையிருப்பும் குறைவு, கண்ணாடி போட்டுக்கொள்ளத் தயார் என்றால் எஸ்.ஐ.சி.எஸ். எதுவானாலும் லென்ஸ் விலையைத் தனியாகக் கேளுங்கள், பில் எகிறுவது அங்கேதான்.