ஸ்டேர்லிஃப்ட் வாங்கலாமா? எங்கள் வீட்டு 'பீப்' புராணம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் சித்தி மகன் போன வாரம் போன் பண்ணினான். "அண்ணா, பெரியம்மாவுக்குப் போட்ட ஸ்டேர்லிஃப்ட், அதான் மாடிப்படியில ஏறி இறங்குற நாற்காலி, அது மாதிரி எங்கம்மாவுக்கும் ஒண்ணு போடலாம்னு பார்க்கிறேன், எப்படி இருக்கு?" வாயைத் திறந்ததும் "போடாதே" என்றுதான் வந்தது. முந்தின ராத்திரி யாரோ கேபிளை வெட்டிக்கொண்டு போய், விடிய விடிய கரண்ட் இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை. அவனுக்கு நியாயமான பதிலாக இதை எழுதுகிறேன். கடுப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை, அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

எங்கள் வீடும் டர்பனில்தான், சாட்ஸ்வொர்த்தில். 1960-களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்ந்து வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த மாடி வீடு, குறுகலான படி. நல்ல காலம், படி நேராக ஏறுகிறது. நாற்காலி ஓடும் ரெயில் (தண்டவாளம்) நேராக இருந்தால் தேவையான நீளத்துக்கு வெட்டி மாட்டிவிடுவார்கள். படி வளைந்தால் அந்த வளைவுக்கென்றே ரெயில் செய்ய வேண்டும், விலையும் எங்கேயோ போய்விடும், பிறகு விற்கவும் முடியாது. ரெயிலைச் சுவரில் அல்ல, படியில்தான் திருகுகிறார்கள். அதனால் சுவர் தாங்குமா என்ற கவலை வேண்டாம்.

பிரச்சினை ஒரு சத்தம். இந்த நாற்காலி ஓடுவது வீட்டு மின்சாரத்தில் நேராக இல்லை, சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு பேட்டரியில். மேலும் கீழும் ரெயில் முனையில் சார்ஜ் ஏறும். "கரண்ட் போனாலும் அம்மா நடுப்படியில் மாட்டிக்கொள்ள மாட்டார்" என்று விற்கிறவர் சொன்னார். சத்தியமான வார்த்தை. 2023-இல் லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோதும் அம்மா ஒரு தடவைகூட மாட்டவில்லை. ஆனால் சார்ஜ் வரவில்லை என்றால் நாற்காலி 'பீப்... பீப்...' என்று முறையிட ஆரம்பிக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. கரண்ட் வரும்வரை நிற்காது. நாற்காலியில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் சத்தம் நிற்கும். ஆனால் எங்கள் மாடலில் அதை அணைத்து வைத்தால் கரண்ட் வந்த பிறகும் சார்ஜ் ஏறாது, யாராவது எழுந்து மறுபடி போட வேண்டும். அம்மாவுக்குக் காது மந்தம், நிம்மதியாகத் தூங்குவார். விழித்திருப்பது நானும் என் மனைவியும்.

2024 மார்ச் கடைசியில் மின்சார நிறுவனமான எஸ்காம் லோட் ஷெடிங்கை நிறுத்தியபோது தொல்லை விட்டது என்று நினைத்தோம். 2025 தொடக்கத்தில் அது மறுபடி சில நாள் தலைகாட்டியது. அது போதாதென்று டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும், கேபிள் திருடு போகும். அடிக்கடி காலியாகி ஏறும் லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் சாகும், எங்களுடையதும் செத்தது. மாற்ற வந்த சர்வீஸ்காரர் சார்ஜ் தகட்டைத் துணியால் துடைத்தார் (டர்பன் ஈரக்காற்றில் அதில் பச்சை படிகிறது), பேட்டரியை மாட்டினார், பில்லை நீட்டினார். பில்லில் தனியாக 'வந்து போன செலவு' என்று ஒரு வரி. பீப் பற்றிக் கேட்டதற்கு, "அது சேஃப்டி ஃபீச்சர்."

தீர்வு சொன்னது பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன். ரௌட்டரும் டிவியும் ஓடும் இன்வெர்ட்டரைக் காட்டி, "இந்தச் சார்ஜர் டிவி அளவுக்குக்கூட இழுக்காது, இதையும் இதிலேயே போடுங்க" என்றார். முந்தாநாள் கரண்ட் போனது, சத்தமே இல்லை. இத்தனை வருஷமும் அந்த இன்வெர்ட்டர் அங்கேதான் இருந்தது. விற்ற கம்பெனியில் ஒருத்தருக்கு இது தெரிந்திருக்காதா?

சரி, நல்லதையும் சொல்கிறேன். முழங்கால் விட்டுப்போன பிறகு அம்மா மாடி அறையோடு முடங்கிவிட்டார், சாப்பாடு தட்டில் மேலே போகும். இப்போது வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்து, கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி தானே இறங்கி வந்து காமாட்சி விளக்கு ஏற்றுகிறார். ஆடிக் கூழில் உப்பு போதவில்லை என்று அடுப்பங்கரையில் நின்று சொல்ல ஆளாகிவிட்டார். பிள்ளைகள் படியில் ஷூவை விட்டிருந்தால் கால்பலகை இடித்ததும் வண்டி நின்றுவிடும்; ஆயாவிடம் திட்டு நிச்சயம்.

தம்பிக்குச் சொல்வது: சித்தியைக் கடைக்கே கூட்டிப்போய் அந்தப் பட்டனை அவர் கையாலேயே பிடித்துப் பார்க்கச் சொல். விரலை எடுத்தால் வண்டி நின்றுவிடும். வாதக் கைக்கு எல்லாப் பட்டனும் ஒத்துவராது. உட்கார வைத்து முழங்காலுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று அளக்கச் சொல். கீழ்ப்படி பக்கம் கதவு இருந்தால் மடிக்கும் ரெயில் வேண்டும், அதற்குத் தனி விலை. சொல்லும் விலையில் 15 சதவீத வாட் உண்டா என்று எழுத்தில் வாங்கு. எங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கையை விரித்துவிட்டது. டாக்டர் கையெழுத்துப் போட்ட ஐடிஆர்-டிடி என்ற உடல் குறைபாட்டுச் சான்றுப் படிவம் இருந்தால், அந்தச் செலவுகளைச் சார்ஸ் என்கிற வரித்துறைக்குக் கொடுக்கும் கணக்கில் காட்ட வழி உண்டு, ரசீதுகளைப் பத்திரமாக வை.

கீழே ஒரு அறையும் குளியலறையும் கட்ட இடமிருந்தால், நான் இன்றைக்கும் அதைத்தான் செய்யச் சொல்வேன். அம்மாவைக் கேட்டால் பத்துக்குப் பத்து போடுவார். நான் அஞ்சுக்கு மேல் தரமாட்டேன், அதிலும் ரெண்டு அந்த எலக்ட்ரீசியனுக்கு.