எண்ணெய்க்கு ஒன்பது மார்க், ஓ-ரிங்குக்கு ஐந்து

ஜெட் இன்ஜின் எண்ணெயையும் சீல்களையும் சோதித்துத் தரும் ஆய்வகம் ஒன்றுக்கு மூன்று முறை சாம்பிள் அனுப்பியிருக்கிறேன். பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன்.

எண்ணெய் விஷயத்தில் ஆட்கள் கெட்டிக்காரர்கள். நாங்கள் அனுப்பியது எம்ஐஎல்-பிஆர்எஃப்-23699 என்ற அமெரிக்க ராணுவத் தரத்துக்கான எஸ்டர் (செயற்கை) எண்ணெய். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, உள்ளே எஃகு, வெள்ளி, அலுமினியம் மாதிரி சின்னத் தகடுகளைத் தொங்கவிட்டு, காற்றை ஊதிக்கொண்டே 72 மணி நேரம் சூடாக்குவார்கள். 175, 204, 218 டிகிரி செல்சியஸ் என்று மூன்று கட்டம். அப்புறம் எண்ணெய் எவ்வளவு கெட்டியானது, அமிலம் எவ்வளவு ஏறியது, தகடு எவ்வளவு எடை மாறியது என்று பார்ப்பது. எண்கள் எல்லோரும் தருவார்கள், இவர்கள் தகடுகளையே தனித்தனி உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். வெள்ளித் தகட்டின் ஒரு ஓரத்தில் மட்டும் டீக்கறை போலப் பழுப்பு. எடை வித்தியாசத்தை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

கரி படியும் சோதனையும் சுத்தமாகச் செய்கிறார்கள். எனக்கு முக்கியமானதே அதுதான், ஏனென்றால் இன்ஜினை நிறுத்தியதும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், டர்பைன் பக்கத்துச் சூடு மட்டும் மெதுவாகத் திரும்பி வந்து குழாயில் தேங்கிய எண்ணெயை வறுத்துவிடும். 375 டிகிரியில் ஓடவிட்ட மெல்லிய குழாயை எடை போட்டு, படிந்த கரியை மில்லிகிராமில் சொன்னார்கள்.

சரி, இப்போது ஓ-ரிங், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். எங்களுடையது எஃப்கேஎம் என்ற ஃப்ளோரின் கலந்த ரப்பர். அதே எண்ணெயில் 204 டிகிரியில் 72 மணி நேரம் ஊறவைத்தால் 5 முதல் 25 சதவீதத்துக்குள் உப்ப வேண்டும், உப்பியது, பாஸ். ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. இந்த எண்ணெய்களில் கலக்கும் அமீன் வகைச் சேர்மானங்கள் நாளாக நாளாக எஃப்கேஎம்மை இறுக்கிவிடும், மூன்று நாளில் அது தெரியாது. அதனால்தான் ரிங்கை அழுத்திய நிலையிலேயே சூடான எண்ணெயில் பல வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள் என எழுதிக் கொடுத்தேன். வந்த ரிப்போர்ட்டில் இருந்தது உலர்ந்த அடுப்பில், வெறும் காற்றில் செய்த சோதனை. ஃபோனில் கேட்டால், "வழக்கமா இப்படித்தான் சார் பண்ணுவோம்." வழக்கம் எனக்கும் தெரியும், அது ஏஎஸ்டிஎம் டி395, அழுத்தி வைத்த ரப்பர் எவ்வளவு மீள்கிறது என்று அளக்கும் தர முறை. அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? கவ்வியிலிருந்து எடுத்த ரிங்கை மரப்பலகை மாதிரிச் சூடு கடத்தாத ஒன்றின் மேல் அரை மணி ஆறவிட்டு அளக்கச் சொல்கிறது அந்த முறை. இவர்கள் அனுப்பிய போட்டோவில் ரிங்குகள் பளபளவென்று ஒரு எஃகு மேஜையில் கிடக்கின்றன! இரும்பு சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும், ரிங் மீள்வதற்குள் ஆறிப்போகும், அளவு மோசமாகத்தான் வரும்.

மறுபடி காசு வாங்காமல் செய்து தந்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் தப்பு. இந்தத் தடவை எண்ணெயிலேயே. ஆறு வாரம் ஆனது. பார்சலைப் பிரித்து ஒரு ரிங்கை இரண்டு விரலால் லேசாக மடக்கினேன், உள்விளிம்பில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. காற்றில் செய்த முதல் ரிப்போர்ட்டில் வெடிப்பு என்ற சொல்லே இல்லை.

அடுத்த முறையும் எண்ணெய் இவர்களுக்குத்தான் போகும். ரிங்குக்கு வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.