ஜன்னல் ஏசி இடுக்கை அடைக்க சிலிக்கோனா, ரப்பர் ஃபோமா?

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், விளக்கைப் போட்டதும் அறைக்குள் ஈசல் குவிந்துவிட்டது. கதவும் ஜன்னலும் சாத்தித்தான் இருந்தன. மறுநாள் பகலில் அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். ஏசிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் மூன்று பக்கமும் வெளிச்சக் கோடு. இடது பக்கம் சுண்டுவிரலே நுழைந்தது. வெளிச்சம் வருகிற வழியில்தான் பூச்சியும் வரும். எதையும் வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

தெர்மாகோலை எறும்பு குடைந்துவிடும். சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீர் குடிக்கும், வெயிலில் பொடியாக உதிரும். இரண்டையும் விட்டுவிடலாம்.

அடைப்பது மட்டும்தான் கணக்கு என்றால், பிதுக்கிப் பூசிக் காயவிடும் சிலிக்கோனுக்கு ஈடு இல்லை. சிற்றெறும்புகூட நுழையாது. முன்பு குடியிருந்த வீட்டில் அதைத்தான் போட்டிருந்தேன். ஆனால் ஜன்னல் ஏசியைக் கோடைக்கு முன் வெளியே இழுத்துத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டுமே! அங்கேதான் தகராறு. மெக்கானிக் பிளேடால் சுற்றிலும் அறுக்க அரை மணி நேரம் ஆனது. சட்டத்தின் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்தது. பழைய சிலிக்கோன்மேல் புதியது சரியாக ஒட்டாது என்பதால் மிச்சத்தையெல்லாம் சுரண்ட வேண்டியிருந்தது. பூசிய பிறகு காய ஒரு நாள். வருஷா வருஷம் இந்த வேலை யாரால் முடியும்?

அதனால் இந்த வீட்டில் ரப்பர் ஃபோம். ஸ்ப்ளிட் ஏசியின் செம்புக்குழாய்மேல் கறுப்பாக இருக்குமே, அந்த நைட்ரைல் ரப்பர்தான். ஷீட்டாகவும் கிடைக்கிறது. தண்ணீரை உறிஞ்சாது. இடுக்கு 12 மி.மீ. என்றால் 19 மி.மீ. தடிமனில் வாங்கி, பட்டையாக வெட்டி, மர ஸ்கேலின் விளிம்பால் அழுத்திச் செருகுங்கள். பசை வேண்டாம், இறுக்கமே பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்க விளிம்பில் வெயில் படும் என்பதால் அலுமினியம் டேப் ஒட்டினேன்.

எதைப் போட்டாலும் ஏசிப் பெட்டியின் வெளிப்பக்கத் துளைகளை மூடிவிடாதீர்கள். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சருக்குக் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. பின்னால் தண்ணீர் வடியும் ஓட்டையும் திறந்தே இருக்கட்டும். அப்புறம், அறைக் காற்றை வெளியே விடும் சிறு திறப்பு ஏசியிலேயே இருக்கும்; அதன் வென்ட் நெம்புகோல் மூடிய நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மரச்சட்டம் சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் சிலிக்கோன்தான் பூசினேன். அதை யாரும் கழற்றப் போவதில்லை. எலித் தொல்லை உள்ள வீட்டில் ஃபோமைப் போட்டுப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. எலி ரப்பரைக் கடிக்கும், அங்கே வெளியே கம்பிவலையும் அடித்துவிடுவது நல்லது. நான் செருகி இன்னும் ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாசியில் சர்வீசுக்கு வந்தவர் டேப்பை உரித்துவிட்டுப் பட்டைகளைக் கையாலேயே உருவி எடுத்தார். கழுவி மாட்டியதும் அவற்றையே திரும்பச் செருகினேன். இடது பக்கத் துண்டு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மிச்சமிருந்த ஷீட்டில் புதிதாக ஒன்று வெட்டிப் போட்டேன்.