செவெல் 350-க்கு வாங்கிய ஸ்கேட் 9000 கிராங்க்: 1,900 மைல் ஓட்டிய பிறகு

என் 1970 செவெல்லின் (செவ்ரலே கார், 350 கன அங்குல எஞ்சின்) அடியில் எப்போதும் ஓர் அட்டை விரித்திருக்கும். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டியது. காலையில் காரை வெளியே எடுத்ததும் அட்டையைத்தான் முதலில் பார்ப்பேன். எத்தனை சொட்டு, எந்த இடத்தில் என்று பார்த்தாலே எஞ்சினின் உடல்நிலை தெரிந்துவிடும். ஆனால் போன வருடம் மே மாதம் வந்த தொல்லையை அட்டை முன்கூட்டிச் சொல்லவில்லை. டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் போய்க்கொண்டிருந்தபோது கீழிருந்து யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். வீடு வந்து சேர்வதற்குள் எண்ணெய் அழுத்தம் பத்து பி.எஸ்.ஐ.-க்கும் கீழே போய்விட்டது. ஆயில் சம்ப்பைக் கழற்றினால் அடியில் செம்புத் தூள் மினுமினுக்கிறது. ஆறாம் எண் ராடின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் இடம்பெயர்ந்து சுழன்று, கிராங்கின் ஜர்னலை, அதாவது பேரிங் பிடித்திருக்கும் உருளைப் பகுதியை, கடித்துக் குதறியிருந்தது. பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க்.

ஜர்னலைப் பத்து, இருபது தௌ சாணைபிடித்து, அதற்கேற்ற பேரிங் போட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ, கோயம்புத்தூர் லேத் பட்டறையில் பழகிய வாய், மாறவில்லை.) மெஷின் ஷாப்பில் கிராங்கை காந்தமேற்றி, இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றி, விளக்கை அணைத்து, புற ஊதா ஒளியைக் காட்டினார்கள். ஜர்னலும் அதன் பக்கச் சுவரும் சேரும் வளைவில், தலைமுடி அளவுக்குப் பச்சையாக ஒரு கோடு ஒளிர்ந்தது. விரல் நகத்தால் வருடிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் கோடே இல்லை. ஆனால் அந்த வளைவில்தான் கிராங்கின் மேல் விழும் சுமை முழுவதும் வந்து குவிகிறது. அங்கே விரிசல் விட்ட கிராங்கைச் சாணைபிடிப்பதில் அர்த்தமில்லை.

ஆகவே வேறு கிராங்க். இந்த இடத்தில்தான் எல்லோரும் உங்களுக்கு ஆலோசனை சொல்ல வருவார்கள். நண்பர்களில் பாதிப் பேர், "அப்படியே 383 ஆக்கிவிடு" என்றார்கள். 350-இன் துளை, அதாவது சிலிண்டரின் விட்டம், 4 அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 3.48. துளையை முப்பது தௌ பெரிதாக்கி 3.75 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட கிராங்கைப் போட்டால் 383 கன அங்குலம் கிடைக்கும். அந்தக் காலத்தில் செவ்ரலே 400-இன் கிராங்கை எடுத்து, அதன் 2.65 அங்குல மெயின் ஜர்னல்களை (கிராங்க் பிளாக்கில் உட்காரும் இடங்கள்) 2.45-க்குக் கடைந்து இதைச் செய்தார்கள். இப்போது கடைந்த நிலையிலேயே விற்கிறார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ராடு போல்ட் பிளாக்கின் ஓரத்தில் இடிக்கும். அங்கே அரைத்து இடம் விட வேண்டும். கேம்ஷாஃப்ட்டையும் தொடாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் எட்டும் புதிது. என் பிஸ்டன்களும் சிலிண்டர்களும் நன்றாகவே இருந்தன. கால் வலிக்கிறது என்று போனவன் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வர வேண்டுமா?

ஒரு பழைய பாகச் சந்தையில் அசல் கிராங்க் ஒன்று கிடைத்தது. மேலே 3932442 என்ற வார்ப்பு எண். 350-க்கு வந்த வார்ப்புக் கிராங்க் அதுதான். நடுவே ஓடும் வார்ப்புக் கோடு கத்தி முனை போல மெல்லியதாக இருந்தது. அடித்து உருவாக்கிய கிராங்காக இருந்தால் அந்தக் கோடு விரல் அகலத்துக்குப் பட்டையாக இருக்கும். பானை வாங்குகிறவர்கள் செய்வது போலக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தேன். வார்ப்புக் கிராங்க் கோயில் மணி போல ஒலிக்காதுதான், ஆனாலும் இப்படி 'டொக்' என்று செத்துப் போகக் கூடாது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்து செய்த தவறு முழுக்க என்னுடையது என்று சொல்ல மாட்டேன். இணையக் கடை ஒன்றில் '350, எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். வாங்கினேன். பெட்டியைத் திறந்து பின்பக்க ஃபிளாஞ்சைப் பார்த்ததுமே வயிறு கலங்கியது. 1985 வரை வந்த 350-க்குப் பின் சீல் (கிராங்கின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுப்பது) இரண்டு துண்டு. 1986-இலிருந்து ஒரே வளையம். கிராங்கின் பின்னால் மாட்டும் கனச் சக்கரமான ஃபிளைவீலின் போல்ட் வட்டம் பழையதில் 3.58 அங்குலம், புதியதில் 3. வந்திருந்தது புதியது. அதோடு, புதிய வகையில் சமநிலை எடையின் ஒரு பகுதி ஃபிளைவீலில் இருக்கும். என் பழைய ஃபிளைவீலோ அந்தச் சமநிலை எடை இல்லாத வகை. ஐம்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள சாமானைத் திருப்பி அனுப்பும் கூலியை நானே கொடுத்தேன். 'எல்லா ஆண்டுகளுக்கும்' என்று எழுதிய மனிதர் கிராங்கைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இரண்டாம் முறை பார்சலை நம்பவில்லை. ஒஹையோவின் டால்மேட்ஜில் உள்ள சம்மிட் ரேசிங் கடைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனேன். நான் தேடிப் போனது ஸ்கேட் நிறுவனத்தின் 9000 வரிசைக் கிராங்க். ஸ்கேட் கலிஃபோர்னியாவின் ரிடாண்டோ பீச்சைச் சேர்ந்தது. வாங்கியது 3.48 ஸ்ட்ரோக், 2.45 மெயின், 2.10 ராடு ஜர்னல், இரண்டு துண்டுப் பின் சீல். வார்ப்பு எஃகு. கவுண்டரில் இருந்த பெரியவர் நான் சொல்லும் முன்பே "பின் சீல் எது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவ்வளவு தூரம் போனது தகும்.

4340 எஃகில் அடித்து உருவாக்கியதை ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த அந்த எஃகு வலுவானது என்பதில் ஐயமே இல்லை. நான் வாங்கிய அன்று அதன் விலை இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். என் எஞ்சின் நான்கு வாய்க் கார்புரேட்டர் வைத்த, ஞாயிற்றுக்கிழமை ஓடும் எஞ்சின். மெயின் மூடிக்கு இரண்டு போல்ட் மட்டுமே உள்ள பிளாக். கிராங்க் தாங்கினாலும் மூடி தாங்காத அளவுக்கு அதை முறுக்கப்போவதில்லை. நைட்ரஸ் அடிப்பவரும் டர்போ போடுபவரும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய் 4340 வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கிராங்காக இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிளாக்கில் வைக்காதீர்கள். துளைத்தூரிகையால் எண்ணெய்த் துளைகளைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பிறகு மைக்ரோமீட்டருடன் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். ஐந்து மெயின், நான்கு ராடு ஜர்னல். ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். ஒரே ஜர்னலுக்குள் வித்தியாசம் கால் தௌவைத் தாண்டவில்லை. அளவில் எனக்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம். பேரிங்குகளைப் போட்டு, மூடிகளை 70 அடி-பவுண்டுக்கு முறுக்கி, துளைமானியால் அளந்தபோது மெயின் இடைவெளி 2.2 முதல் 2.6 தௌ வரை வந்தது. ஜர்னலின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய கணக்கு, 2.45 அங்குலத்துக்கு அது அப்படியே பொருந்தியது.

புதுக் கிராங்க் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜர்னலின் ஓர வளைவு பழையதைவிடப் பெரிதாக இருந்தால் சாதாரண பேரிங்கின் விளிம்பு அதில் ஏறி உட்காரும். இடைவெளி அளவில் இது தெரியாது. நீல மையைப் பூசிச் சுற்றிப் பார்த்தால் தெரியும். நான் ஆரம்பத்திலேயே ஓரம் சரித்த கிளிவைட் எச் வகை பேரிங் வாங்கியிருந்ததால் தப்பித்தேன். ஐந்தாம் மெயினில் முன்பின் அசைவு 5 தௌ. திருப்புளியால் நெம்பி டயல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் வாசலில் நின்று, என்ன செய்கிறாய் என்று கேட்டார். "ஒன்றும் அசையவில்லை என்று உறுதி செய்கிறேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

சமநிலைப்படுத்தும் செலவைக் கிராங்கின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். உங்கள் பிஸ்டன், ராடு, பேரிங் எடைக்கு ஏற்ப எதிர்எடையில் துளையிட்டுக் குறைத்தாக வேண்டும். கிராங்க் செய்தவருக்கு உங்கள் பிஸ்டனின் எடை தெரியாது. சுழலும் எடை முழுவதையும், மேலும் கீழும் போகும் எடையில் பாதியையும் கூட்டிப் போலி எடை கட்டுகிறார்கள். என்னுடையது 1,850 கிராமை ஒட்டி வந்தது. வேலை சுத்தம். ஆனால் இரண்டு வாரம் என்று சொன்ன அந்தப் பட்டறை ஏழு வாரம் வைத்துக்கொண்டது. ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் ஊர்வலத்தை, நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, மற்றவர்களின் செவெல்களை எண்ணிக்கொண்டு பார்த்தேன்.

அக்டோபரில் எஞ்சின் மறுபடி மூச்சுவிட்டது. இதுவரை 1,900 மைல். சூடான பிறகு ஐட்லிங்கில் அழுத்தம் 22, நெடுஞ்சாலையில் 50. ஸ்டீயரிங்கில் முன்பு இருந்த மெல்லிய நடுக்கம் இப்போது இல்லை. அது கிராங்கின் பெருமையா, சமநிலைப்படுத்தியவரின் பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்ததற்குக் காரணம் கிராங்க் அல்ல, அந்த ஏழு வாரம்.

பின் சீல் இரண்டு துண்டுகளின் சந்தியையும் மூடியின் சந்தியோடு நேராக வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தேன். ஃப்ரிட்ஜ் அட்டையை மாற்றிப் புதிது விரித்தது அக்டோபரில். கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் இன்னும் வெறும் அட்டைதான்.